கிழக்கில் தெரிந்த கரை

பதிவு 1
செப்டம்பர் 28, மாலை 5:40

இந்தக் குறிப்பேட்டில் நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் கூட்ட மாட்டேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட மாட்டேன். என் தவறுகளையும் அடிக்காமல் அப்படியே வைப்பேன்.

எழுதுபவர்: சூ. பிரிஸ்கா, பத்தாம் வகுப்பு.
நோக்கம்: மாவட்ட அறிவியல் கண்காட்சி. தலைப்பு, ‘கீழ்வானத்தின் அந்தி நிறங்கள்’.
இடம்: சிப்பிமுனை மீனவர் சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடி. எதிரே கிழக்கில் கடல். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கரை எதுவும் இல்லை.
கருவி: லியோன் மாமாவின் பழைய கல்யாணக் கேமரா, முக்காலி.

லியோன் மாமா அம்மாவின் தம்பி. கால் முறிந்த பிறகு அவர் கடலுக்குப் போவதில்லை. முகூர்த்த நாளில் போட்டோ எடுப்பார். மற்ற நாளில் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சங்கத்து வயர்லெஸ் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

விதி: நிமிடத்துக்கு ஒரு படம். படம் எடுத்த நாளுக்கு மட்டுமே பதிவு எண் தருவேன்.

மாலை 6:04. முதுகுக்குப் பின்னால் சூரியன் மறைந்தது. கிழக்கே கடலின் விளிம்பிலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழுந்தது. அது பூமியின் நிழல். அதன் மேல் ரோஜா நிறப் பட்டை. மேற்கிலிருந்து கிளம்பிய கதிர்கள் தலைக்கு மேலாகக் கடந்து கிழக்கில் ஒரு புள்ளியில் கூடின. அங்கேயும் ஒரு சூரியன் மறைவது போல இருந்தது. இதை நூலகத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

6:15. மாதா திருவிழாவின் முதல் நாள். கோயில் கோபுரத்தில் சீரியல் விளக்குகள் போட்டார்கள். உச்சியில் ஐந்து முனை நட்சத்திரம். இடது கீழ் முனை எரியவில்லை.

6:31. நீலப் பட்டைக்குள், கடலின் விளிம்பில், சின்னச் சின்ன வெளிச்சங்கள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. மீன்பிடி வள்ளங்களாக இருக்கும்.

பதிவு 2
செப்டம்பர் 29, மாலை 7:10

வள்ளங்கள் இல்லை. நேற்றைய படத்தை மாமாவின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். கோபுரம் ஒன்று தெரிகிறது. உச்சியில் நட்சத்திரம். அதிலும் இடது கீழ் முனை எரியவில்லை.

கடல் மேல் குளிர்ந்த காற்று படிந்தால் ஒளி வளைந்து கானல் உருவம் காட்டும். அதுவாக இருக்கலாம். ஆனால் நேற்று நம் விளக்கு எரிந்து பதினாறு நிமிடம் கழித்துத்தான் அது எரிந்தது. பதினாறு நிமிடத்தில் ஒளி சூரியன் வரைக்கும் போய்க் கிட்டத்தட்டத் திரும்பியே வந்துவிடும். இத்தனை நேரம் அது எங்கே இருந்தது?

இன்று நம் விளக்கு 6:15. அங்கே 6:27. தாமதம் பன்னிரண்டு நிமிடம்.

அப்பா கடலிலிருந்து வயர்லெஸில் கேட்டார்: “என்ன போட்டோக்காரம்மா, இன்னைக்கு வானம் சிரிச்சுச்சா?”

பக்கத்து வள்ளத்திலிருந்து சந்தியாகு பெரியப்பா நடுவில் புகுந்தார்: “ஏ பிள்ள, என் வள்ளத்த எடு. என் மொகத்த மட்டும் எடுத்துராத. லியோனுக்குக் கேமரா வாங்கித்தர என்னால ஆகாது.”

பதிவு 3
செப்டம்பர் 30, மாலை 7:25

நம் விளக்கு 6:15. அங்கே 6:23. தாமதம் எட்டு நிமிடம்.

முதல் நாள் படத்தில் அந்தக் கோபுரம் அரிசி அளவு இருந்தது. இன்று என் சுண்டுவிரல் நகம் அளவு. அது நெருங்குகிறது.

வரைபடத் தாளில் குறித்தேன். கிடை அச்சில் பதிவு எண், நிலை அச்சில் தாமதம். 16, 12, 8. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. இவ்வளவு நேரான கோடு எனக்கு இயற்பியல் நோட்டில்கூட வந்ததில்லை.

மாமாவிடம் காட்டினேன். “உனக்குப் பரிசு உறுதி. அந்தக் கோயில்லயே கொடுப்பாங்க” என்று சிரித்தார். பிறகு படத்தை இன்னும் பெரிதாக்கினார். கோபுரத்துக்கு அடுத்தாற்போல் ஒரு மொட்டைமாடி. அதில் ஒரு முக்காலி.

மாமா அதற்குமேல் சிரிக்கவில்லை.

எண் இல்லாத குறிப்பு
அக்டோபர் 1

மதியத்திலிருந்து மழை. படம் இல்லை.

எல்லா வள்ளங்களிலும் ஜி.பி.எஸ். கெட்டுவிட்டது. யார் எங்கே நின்றாலும் திரை ஒரே இடத்தைத்தான் காட்டுகிறதாம்: எங்கள் கோயில் வாசல். திசைகாட்டியின் முள்ளும் நிலைகொள்ளாமல் சுற்றுகிறது.

எண் இல்லாத குறிப்பு
அக்டோபர் 2, இரவு 8:00

இன்றும் படம் எடுக்கவில்லை. மாலை முழுவதும் கீழே வயர்லெஸ் அறையில் இருந்தேன். சந்தியாகு பெரியப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. கடைசியாக அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

6:40. “ஏல லியோனு, கரைக்கு வந்துட்டோம். நட்சத்திரம் தெரியுது.”

மாமா வாசலுக்குப் போய்ப் பார்த்தார். கரையில் வள்ளம் எதுவும் வரவில்லை.

6:42. “எல்லாரும் கரையிலதான நிக்கிய? வள்ளத்த ஏத்த ஒரு ஆளும் வரமாட்டேங்கான். லியோனு, உன்னையும் பாக்கேன்ல. நொண்டாம நல்லா நிக்க. எப்படில கால் சரியாச்சு?”

6:43. “ஏன்ல யாரும் வாயத் தெறக்க மாட்டேங்கிய?”

பிறகு இரைச்சல் மட்டும்.

திருவிழாவை நிறுத்திவிட்டார்கள். விளக்குகளை மட்டும் நிறுத்தவில்லை. கடலில் இருப்பவர்களுக்குக் கரை தெரிய வேண்டும்.

பதிவு 4
அக்டோபர் 3

காலை 5:30. பெரியப்பாவைத் தேடி ஆறு வள்ளங்கள் போயின. அப்பாவுடையதும் ஒன்று. “இருட்டுறதுக்குள்ள வந்துருவேன், மக்கா. நீ கணக்குப் பரீட்சைக்குப் படி” என்றார்.

மாலை 5:10. ஐந்து வள்ளங்கள் வந்துவிட்டன. அப்பா வரவில்லை. எஞ்சினில் வலை சுற்றிக்கொண்டது என்று வயர்லெஸில் சொன்னார்.

6:00. கையில் பிடிக்கும் வயர்லெஸுடன் மாமாவும் நானும் மாடிக்கு வந்தோம். கேமராவைப் பொருத்தினேன். கிழக்கே கருமேகம். எதுவும் தெரியவில்லை.

6:15. நம் விளக்குகள் எரிந்தன.

6:32. மேகம் விலகியது. அங்கேயும் எரிகிறது. எப்போது எரிந்தது என்று நான் பார்க்கவில்லை. இப்போது பெரிதாக்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது. கோயில், சங்கக் கட்டடம், மரங்கள், தெருவிளக்குகள். நடுவில் உள்ள கடல் ஒரு குளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது போல இருக்கிறது.

6:35. அப்பா: “எஞ்சின் ஓடிருச்சு. ஆனா லியோனு, எனக்கு ரெண்டு பக்கமும் கோயில் தெரியுது. ரெண்டு நட்சத்திரத்துலயும் ஒரு முன எரியல. அந்தி வெளிச்சமும் ரெண்டு பக்கமும் கெடக்கு. எதுல நம்ம கரை?”

மாமா என்னைப் பார்த்தார்.

6:38. எனக்கு வழி தோன்றியது. அங்கே இருப்பது நம்மைப் பார்த்து அப்படியே செய்வது. எப்போதும் நமக்குப் பிந்தித்தான் செய்யும். 16, 12, 8. பதிவு 4-க்கு 4. நாம் ஊர் விளக்குகள் எல்லாவற்றையும் 6:50-க்கு அணைத்தால், அங்கே 6:54-க்குத்தான் அணையும். முதலில் அணைவது நம் கரை. மாமாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

6:40. அம்மாவும் வயர்மேனும் ஊர்க் கோடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குப் போயிருக்கிறார்கள். சரியாக 6:50. அம்மா மாமாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தன் போனை நேரம் பார்க்க என்னிடம் தந்துவிட்டாள். வயர்மேனின் போன் கீழே சார்ஜில் இருக்கிறது.

6:42. நான்: “எப்பா, ரெண்டுல எது முதல்ல அணையுதோ அதுதான் நாங்க. அதப் பாத்து வாங்க. ரெண்டாவது அணையுறது பொய்.”

அப்பா: “எது முதல்ல அணையுதோ அது. வெளங்கிச்சு. எம் மக படிச்ச படிப்பு இன்னைக்கு எனக்குச் சோறு போடுது, பாருல லியோனு.”

மாமா: “மொதல்ல வந்து சேரும், மச்சான். சோறு அக்கா போடுவா.”

6:45. எதிர்க் கரையின் மாடியை முழுதாகப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். என் பாவாடை, என் சட்டை. முக்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டு தரையில் கிடக்கிறது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருக்கிறாள்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன். நான் எப்போதும் உட்கார்ந்து அப்படி

6:46. விளக்குகள் அணைந்தன.

அங்கே. எல்லாம், ஒரே நேரத்தில். நம் விளக்குகள் எரிகின்றன. நட்சத்திரம் என் தலைக்கு மேல் எரிகிறது. நாம் இன்னும் அணைக்கவில்லை.

அப்பா: “அணைஞ்சிருச்சு, மக்கா! பாத்துட்டேன். திருப்பிட்டேன்.”

6:47. தவறு என்னுடையது. எழுதுவேன் என்று சொன்னேன், எழுதுகிறேன். கிடை அச்சில் தேதியைப் போட்டிருக்க வேண்டும். பதிவு எண்ணைப் போட்டேன். மழை நாளும் பெரியப்பா போன நாளும் என் கோட்டில் இல்லை. 16, 12, 8, மழை அன்று 4, நேற்று 0, இன்று கழித்தல் 4. அது நேற்றே நம்மோடு சேர்ந்துவிட்டது. இன்று நமக்கு முந்திச் செய்கிறது.

நான்: “எப்பா, திரும்புங்க. அது நாங்க இல்ல. எங்க வெளக்கு எரியுது. எரியுற பக்கம் வாங்க.”

மூன்று தடவை சொன்னேன்.

மாமா டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி ஓடுகிறார். விளக்குகளை அணைக்காமல் தடுத்தால் அப்பாவுக்கு நாம் தெரிவோம். மாமாவால் வேகமாக ஓட முடியாது. மாடியிலிருந்து பார்க்கிறேன், கோயிலைக்கூடத் தாண்டவில்லை.

6:48. அப்பா: “கேக்குது, மக்கா. இப்படியே நேரா வரணும்னுதான சொல்லுத? வாறேன், வாறேன். நெனச்சத விடப் பக்கத்துலயே இருக்கு.”

நான் அப்படிச் சொல்லவில்லை.

நான்: “அது நான் இல்லப்பா.”

நான்: “எப்பா.”

6:49. அப்பா: “டார்ச் அடிச்சுப் பாத்தேன். நீ மாடியிலதான் இருக்க. ஏன் மக்கா அழுவுத? நாந்தான் வந்துட்டேன்ல?”

உட்கார்ந்துவிட்டேன். நோட்டைத் தரையில் வைத்து எழுதுகிறேன். மாமா பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிட்டார். இன்னும் ஒரு தெரு. கடவுளே, இன்னும் ஒரு தெரு

6:50. நம் விளக்குகள் அணைக்கப்பட்டன.