நித்யாவின் இட்லிப் பானை

புரட்டாசி 11, சனி

காலையில் தூறல். ஏழு மணிக்கெல்லாம் வெயில். குறுவை அறுப்புக்கு இந்த வானம் போதும், இதற்கு மேல் வேண்டாம்.

கவிச்சி கிடையாது. வாழைக்காய் வறுவல். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மாதம் முடிகிறவரை இந்த முகத்தோடுதான் குடித்தனம்.

நித்யா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எங்கள் ஹாலில் வைத்தாள். என் தம்பி பெண்டாட்டி. பக்கத்து வீடுதான். அங்கே இன்வெர்ட்டர் இல்லை, இங்கே உண்டு. கரண்டு போனாலும் இது நிற்கக் கூடாதாம். பழைய சாமான். பார்க்க ரேஷன் கடைத் தராசு மாதிரி இருக்கிறது.

"அண்ணி, இதுல மூணு ஆப் ஓடப்போவுது."

"ஓடட்டும். கேட்டைச் சாத்தி வெக்கிறேன்."

மூன்றும் என்னென்ன என்று மறக்காமல் இருக்க:
1. அறுப்பு மெஷின் முறை. யார் வயலுக்கு எப்போது.
2. வாய்க்கால் தண்ணீர் முறை.
3. மழை அறிவிப்பு.

முதலாவது என் வேலை. உழவர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நோட்டில் முறை போடுகிறேன். நாளை முதல் போனில் போட வேண்டும்.

மூன்றையும் கிளப்பிவிடுவது ஒரே கருவி. அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லையாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, உள்ளே இருப்பதையும் திறந்து காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள்.

"சும்மாவா குடுக்கிறாங்க?"

"சும்மாதான் அண்ணி."

"நம்ம ஊர்ல வெந்நீர்கூட சும்மா குடுக்க மாட்டானுவளே."

அவள் விளக்க விளக்க எனக்குப் பிடிபட்டது. "இட்லிப் பானைன்னு சொல்லேன்டி. அடுப்பு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, தட்டு மூணு. ஒரே நேரத்துல ஏத்தலாம்." வாயைப் பிளந்தாள். காலேஜில் ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லையாம். நான் ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு முழுக்கக் கால் தரையில் இல்லை.

கவலை ஒன்று. சென்னை ஆபீசில் அவளைத் தீபாவளி முடிந்ததும் நேரில் வா என்கிறார்கள், இல்லாவிட்டால் வேலை இல்லை. இந்த ஏற்பாட்டைச் சங்கம் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் சுற்று ஊர்களும் கேட்கும், இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வாள். தலைவர் கலியபெருமாள் அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை: "அறுப்பு ஒழுங்கா நடக்கட்டும். வியாழக்கிழமை கூட்டத்துல பாப்போம்."

நித்யா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாயிற்று. துணியெல்லாம் இன்னும் அந்த நீல சூட்கேசில்தான். பீரோவில் ஒரு தட்டு காலியாகவே கிடக்கிறது. அவள் போய்விட்டால் நான் யாரிடம் வம்பிழுப்பது? இதை அவளிடம் சொல்லவில்லை. தலைக்கு ஏறிவிடும்.

புரட்டாசி 12, ஞாயிறு

நல்ல வெயில். நல்ல நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தினாள். ஒரே ஒரு பட்டன். திரையில் மூன்று பச்சைப் புள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக.

தேங்காய் உடைக்கலாமா என்றேன். தண்ணீர் தெறிக்கும், வேண்டாம் என்றாள். வெளியே போய் உடைத்தேன். சட்னி ஆயிற்று.

அறுப்பு மெஷின் டிரைவர் முருகேசன், ஆத்தூர்ப் பக்கத்து ஆள், போனில் முறையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "பெரியக்கா, நோட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"உன் தலை மேல போடலாம்னு வெச்சிருக்கேன்."

புரட்டாசி 13, திங்கள்

தண்ணீர் முறை மட்டும் திடீரென்று படுத்துவிட்டது. நித்யா அதை மட்டும் நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். மற்ற இரண்டும் அதுபாட்டுக்கு ஓடின. ஒரு தட்டு கல், மற்றது பஞ்சு. என் இட்லிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கலியபெருமாள் அண்ணன் தன் தண்ணீர் முறையை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். "அண்ணே, போனைத் தேய்ச்சா தண்ணி வராது, வாய்க்கால்லதான் வரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வியாழன் வரை வாயை அடக்க வேண்டும். முடிகிற காரியமா?

புரட்டாசி 14, செவ்வாய்

வாங்க: பொரி, கடலை, அவல், நாட்டுச் சர்க்கரை, கதம்பம் நாலு முழம், பூசணிக்காய் (சின்னது).

பூஜைக்கு நித்யா தாராசுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வியாழன் காலையில் வந்துவிடுவாள்.

"அண்ணி, நான் இல்லாதப்ப கம்ப்யூட்டர்ல எதையும் அழுத்திடாதீங்க."

"தூசி தட்டலாமா மகாராணி?"

"தட்டலாம்."

அவள் சொன்னது இவ்வளவுதான். எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததிலிருந்து துடைத்தேன். அரிவாள், அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மெஷின், அவருடைய ஸ்பானர் எல்லாம். டிராக்டரை அவர் கழுவினார். கடைசியில் கம்ப்யூட்டர். நன்றாகச் சோறு போடப்போகிற சாமான், அதை விடலாமா? வயரைப் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச் சுற்றி, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தேன். இன்றைக்கு ஆயுதம் எதுவும் வேலை செய்யக் கூடாது, நாளைக் காலையில்தான் எடுப்பது. எங்கள் வழக்கம் அது. எதையும் அழுத்தவில்லை, சொன்னபடியே.

பொரி தின்றுவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்குப் போன்.

"அண்ணி, மூணும் ஒண்ணா போயிடுச்சு." நித்யாதான். "ஒண்ணு போனா சரி பண்ணிடுவேன். மூணும் எப்படிப் போகும்? எங்க தப்பு பண்ணினேன்னே தெரியலை அண்ணி. நாளைக்குக் கூட்டம்."

திரும்பிப் பார்த்தேன். மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வயர் தரையில். எனக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

"தப்பு உன்னுது இல்லடி. நான் வயரைப் பிடுங்கிட்டேன்."

 "ஏன் அண்ணி?"

"ஆயுத பூஜைடி. அதுவும் ஆயுதந்தானே."

சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

அதற்குள் வாசலில் சங்கத்து நூர்தீன் பாய். "பெரியக்கா, இன்னிக்கு என் முறைதானே? மெஷின் வேற வயல்ல நிக்குது. ரெண்டு மா நெலத்துக் கதிரும் சாஞ்சு கிடக்கு, மேகத்தைப் பாருங்க." கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. முருகேசன் காலையில் மெஷினுக்குப் பூஜை போட்டுவிட்டு மதியமே வேலைக்கு வந்திருக்கிறான். போனில் முறை திறக்கவில்லை. முதலில் கை காட்டினவர் வயலில் இறங்கிவிட்டான். கை காட்டினவர் யார்? சங்கத் தலைவர் கலியபெருமாள் அண்ணன்.

நாளைக் காலைவரை எடுக்கக் கூடாது. நெல் அதுவரை காத்திருக்குமா? சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, நீ ரெஸ்ட் எடு. இது மட்டும் வேலை பாக்கட்டும்" என்று சொல்லிப் பூவைக் கழற்றி வயரைச் சொருகினேன். நித்யா போனில் சொல்லச் சொல்ல அதே பட்டன். ஒரே பட்டன். பச்சை ஒன்று. பச்சை இரண்டு. மூன்றாவதைக் காணோம். வந்தது.

பாய் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். வரப்பில் நின்று போனை நீட்டினேன்.

"அண்ணே, இன்னிக்கு உங்க முறை இல்ல."

"முறையே திறக்கலையேம்மா."

"இப்ப திறந்திடுச்சு. உங்க பேரு வெள்ளிக்கிழமையில இருக்கு, நல்லாப் பாருங்க."

பார்த்தார். முருகேசன் மெஷினைத் திருப்பினான். தலைவர் வயல் பாதி சவரம் பண்ணின முகம் மாதிரி நின்றது. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய சாதனை.

ஆறு மணிக்கு மழை. பாய் நெல் அதற்குள் தார்ப்பாய்க்கு அடியில். தலைவரின் மிச்சப் பாதி நனைந்தது.

புரட்டாசி 16, வியாழன்

இரவெல்லாம் பெய்து காலையில் விட்டது. பதினோரு மணிக்குக் கூட்டம்.

தலைவர் எடுத்த எடுப்பிலேயே, "நோட்டே போதும். நோட்டுக்குக் கரண்டு வேண்டாம், வயர் வேண்டாம்" என்றார். நனைந்த பாதி வயல் பேசுகிறது.

நித்யா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். தலை குனிந்து, "இனிமே இப்படி நடக்காது மாமா" என்றாள். அவ்வளவுதான். என் பேரை எடுக்கவே இல்லை. அந்தக் கழுதை என்னைக் காப்பாற்றுகிறாள்!  எழுந்தேன்.

"நித்யா மேல குத்தமில்ல. பூஜைக்கு வெக்கிறேன்னு வயரைப் பிடுங்கினவ நான்தான்."

 சிரித்தார்கள் பாருங்கள், முருகேசன் சிரிப்பு தனியாகக் கேட்டது. தலைவர் மட்டும் விடவில்லை. "அதான் சொல்றேன், பிடுங்கினா மூணும் போயிடுதுல்ல?"

நித்யா நிமிர்ந்தாள். "போச்சு மாமா. ஆனா சொருகினதும் மூணும் ஒரே பட்டன்ல வந்திடுச்சு. அண்ணிதான் கிளப்பினாங்க, நான் இல்ல. எங்க வீட்டுல இன்னொரு கம்ப்யூட்டர் வெச்சுடறேன், ஒண்ணு நின்னா மத்தது எடுத்துக்கும்."

அப்போது பாய் மெதுவாகக் கேட்டார். "தலைவரே, நோட்டா இருந்திருந்தா பெரியக்கா என்ன பண்ணியிருப்பாங்க? அதையும்தான் சந்தனம் பூசி பூஜையில வெச்சிருப்பாங்க. நேத்து யாரு பிரிச்சுப் பாக்கிறது?"

உண்மை. ஒன்பது வருஷமும் வைத்தேன். ஒன்பது வருஷமும் அன்றைக்கு முறைச் சண்டை. போன வருஷச் சண்டையில்தான் தலைவருக்கு வேட்டி கிழிந்தது. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

தீர்மானம்: ஏற்பாடு இனி நிரந்தரம். பூஜைக்குச் சந்தனம் வைக்கலாம், வயரைத் தொடக் கூடாது. இரண்டாவது வரியில் என் பேரையும் போட்டு எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்ச் சங்கக்காரர் வெளியே வந்து நித்யாவிடம், "எங்களுக்கும் ரெண்டு ஏத்திவிடும்மா" என்றார்.

அவள் ஆபீசுக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புரட்டாசி 18, சனி

மப்பு. மழை இல்லை. தலைவரின் மிச்சப் பாதி வயல் இன்றைக்கு முடிந்தது. நெல்லைச் சாலையில் காயப்போட்டிருக்கிறார். தாண்டும்போது பேசினார்.

கம்ப்யூட்டரில் இப்போது ஐந்து புள்ளி. பக்கத்து ஊரின் இரண்டும் சேர்த்து. குங்குமத்தைத் துடைக்கப் போனேன். நித்யா விடவில்லை.

ஆபீசுக்கு எழுதிவிட்டதாக அவள் சொல்லவில்லை. சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன், கறிவேப்பிலைக்கு. பீரோ திறந்திருந்தது. காலித் தட்டில் சுடிதார்கள், மடித்து. நீல சூட்கேஸ் நடுவீட்டில் வாயைத் திறந்துகொண்டு, உள்ளே ஒன்றும் இல்லை.

"அண்ணி, இதுல என்ன போட்டு வெக்கலாம்?"

"எங்க வீட்டுல பழைய போர்வை நாலு இருக்கு. அடைச்சு வை. இல்லாட்டி அதுவும் எலிக்குத்தான்" என்று திட்டுகிற குரலில் சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். கறிவேப்பிலையை அங்கேயே மறந்துவிட்டேன்.

போர்வை எடுக்கப் பரணுக்கு ஏற வேண்டும்.