அண்ணனுக்குப் பத்தியக் கோழி

அண்ணே,

அடுப்பில் கோழி வேகிறது. கருப்புத் திராட்சைச் சாறும் வினிகரும் பிரிஞ்சி இலையும் சேர்ந்து கொதிக்கிற நெடி வாசல் வரைக்கும் போய்விட்டது. உன் முதல் வருஷப் படையலுக்கென்று காலை பஸ்ஸில் முசிறியிலிருந்து வந்திருக்கும் சித்தி, மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். தோல் உரித்த பிராய்லர். எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன். வெண்ணெய் கிடையாது, ஒயின் கிடையாது. செத்தவனுக்கு என்னடி கொலஸ்ட்ரால், ஆசையாகத் தின்றதை வைக்காமல் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வைக்கிறாயே என்று பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து மூடியை வாங்கி மூடினேன். கடைசி நாலு வருஷம் நீ தின்றது இதைத்தான், இலையிலும் இதுதான்.

அவள் அந்தப் பக்கம் போன பிறகு கேரட்டை வெட்டினேன். வெட்டினேன் என்பதைவிடக் கொத்தினேன் என்று சொல்ல வேண்டும், பலகையில் தழும்பு விழுந்துவிட்டது. ஒரு வருஷம் ஆகியும் உன்மேல் கோபம் அடங்கவில்லை. நீ ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேன் பாப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாய்.

இந்தக் கோழிக்கு அசல், பிரெஞ்சுக்காரர்களின் கோக் ஓ வான். அந்தப் பெயரை நீ சொல்லும்போது உதட்டைக் குவிப்பாய். பாண்டிச்சேரி ரெஸ்டாரண்டில் ஏழு வருஷம் இருந்து கற்றுக்கொண்டு வந்தது. கிழட்டுச் சேவலை இரவெல்லாம் ஒயினில் ஊறவைத்து, பன்றிக் கொழுப்பிலும் வெண்ணெயிலும் முறுக வதக்கி, அதே ஒயினில் மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும். "கறி முரடா இருந்தாத்தான் ஒயினுக்கு வேலை" என்பாய். முரடு என்பது உனக்குப் பிடித்த சொல். திருச்சி ஹோட்டலில் வெண்ணெயைக் குறைத்துப் போட்ட சக சமையல்காரரின் புறங்கையில் சூடான கரண்டியை வைத்தவன் நீ. அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய், நாங்களும் சிரித்தோம். உன் கோபத்துக்குப் பயந்து யாரும் பெண் தரவில்லை என்பதையும் சிரித்தே கடந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் இருந்தேன், கொள்ளிடக் கரையை ஒட்டிய தெருவில். என் வீட்டுக்காரருக்குச் சேவக்கட்டுப் பைத்தியம். கருவாயன் என்று ஒரு சேவல் வைத்திருந்தார். அதற்குப் பாதாம், அவித்த முட்டை, ஆற்றில் நீச்சல். என்னிடம் ஒரு நாள் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, அதன் காலை எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவார். சனிக்கிழமை முசிறிப் பக்கத்து வாழைத்தோப்பில் திருட்டுத்தனமாக நடந்த கட்டில் கருவாயன் செத்தது. எதிர்ச் சேவலின் காலில் கட்டிய கத்தி இதன் கழுத்திலேயே இறங்கிவிட்டதாம். கட்டில் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர், அது ஜெயித்தவருக்குச் சொந்தம். ஜெயித்தவர் உன் சினேகிதர்.

வெறுங்கையோடு வீடு திரும்பியவர், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் காலால் உதைத்தார். சோறு சுவரெல்லாம் சிதறியது. உனக்குப் போன் செய்து அழுதேன். நீ முழுதாகக் கேட்டுவிட்டு, நாளைக்கு வரேன் என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் காலை ஒரு இரும்புச் சட்டியோடு வந்தாய். ஒயினில் ஊறிய கறி, கருஞ்சிவப்பாக. என் அடுப்பில் வைத்து, நீ கிளற, நான் சின்ன வெங்காயம் உரிக்க, மதியத்துக்குள் தெருவே மணத்தது. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு விருந்து என்றாய். அவர் முதல் நாளிலிருந்து பட்டினி. குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, இப்படிக் கறி தின்றதே இல்லை மச்சான் என்று மனசாரச் சொன்னார். இரண்டாவது துண்டு தின்றார். மூன்றாவதை எடுத்தபோது நீ சொன்னாய்.

"மெதுவா கடிங்க மாப்ள. நம்ம கருவாயன்தான்."

கையிலிருந்த எலும்பை அவர் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. குழந்தையைப் பறிகொடுத்த முகம் அது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி எச்சில் கையோடு என் இடது காதில் அறைந்தார். சிரித்தவன் நீ, அடி வாங்கியவள் நான். உன்னை அடிக்க அவருக்குத் தைரியம் இல்லை. கீழே விழுந்த என்னை முடியைப் பிடித்துத் தூக்கி அதே காதில் இன்னொன்று வைத்தார். காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம், அதோடு அந்தப் பக்கம் அடைத்துப்போனது. நீ இரும்புச் சட்டியைத் தூக்கினாய். அவர் முழங்கையில் ஒன்று, முட்டியில் ஒன்று. எலும்பு முறிகிற சத்தம் வலது காதில் கேட்டது. குழம்பும் ரத்தமும் தரையில் ஒன்றாக ஓடின, நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

செவிப்பறை கிழிந்து உள்காதும் கெட்டுவிட்டது, இனி கேட்காது என்றார்கள். உன்மேல் கேஸ், ஹோட்டலில் வேலை போனது. நான் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டோம். அதற்கடுத்த வருஷம் உன் நெஞ்சு உன்னைக் குத்தியது. வெண்ணெய், கொழுப்பு, ஒயின் எதையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். நீ ஒரு வாரம் அடுப்படிப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். கொழுப்புக்குப் பதில் காளானை வெறும் சட்டியில் சுருள வறுத்தேன், ஒயினுக்குத் திராட்சை, கெட்டிப்பட வெந்த கேரட்டை மசித்துக் கலந்தேன். நீ போடும் அந்த வெளிநாட்டு இலை கிடைக்கவில்லை, மாடியிலிருந்து கற்பூரவல்லி இரண்டு கிள்ளிப் போட்டேன்.

ஒரு வாய் வைத்தாய். "கோழிக்கு என்ன, சளி புடிச்சிருக்கா?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ தட்டைத் தூக்கி எறிந்தாய். அது என் தலையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"இந்தக் காதும் போகணுமா அண்ணே?"

நான் கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். நீ எழுந்தாய், தரையில் சிதறிய கறியைப் பொறுக்கித் தட்டில் போட்டாய், உட்கார்ந்து மண்ணோடு தின்றாய்.

அன்றைக்கு எனக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோழியைப் பரிமாறும்போதே ஆரம்பிப்பேன். உன் வாயால்தான் என் காது போனது, உன் திமிரால்தான் என் வாழ்க்கை போனது, ஒரு விளையாட்டு விளையாடி என்னை அடி வாங்க வைத்தாய். உனக்கு வலிக்கிற இடம் பார்த்துச் சொல்வேன். சட்டியைத் தூக்கிய கை சும்மா தட்டில் கிடக்கும். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாய். கைகளால் நீ செய்ததை நான் நாக்கால் நாலு வருஷம் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ருசியாக இருந்தது.

நடுவில் இந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டுப் போய் இலை போட்டோம். உன் போட்டோவுக்கு முன்னால் சோறு வைத்தேன், கோழி வைத்தேன். சித்தி அழுதுகொண்டே, அவன் மட்டும் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நீ புருஷனோடு ஸ்ரீரங்கத்தில் இருந்திருப்பாய், உன்னைக் கெடுத்ததே அவன்தான் என்றாள். எல்லோரும் சொல்வதுதான். நானே சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரப்பியதுதான். அவள் வாயிலிருந்து, உன் இலைக்கு முன்னால் கேட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் சித்தி," என்றேன். "வெங்காயம் உரிக்கும்போதே அண்ணன் சொல்லிருச்சு, இது கருவாயன்னு. நான் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். ரெண்டாவது துண்டை வெச்சது நான்தான். பெருசாப் பார்த்து வெச்சேன்."

அவர் அடித்தது அதனால் நியாயமாகிவிடாது அண்ணே. அடித்த கை அவருடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் நாள் என் சோற்றை உதைத்தவர் தன் செல்லச் சேவலைச் சப்புக்கொட்டித் தின்பதைப் பார்த்தபோது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் உன்னைக் கேட்டார்களே, உங்கள் தங்கைக்கும் இது தெரியுமா என்று. அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார் என்றாய். நான் பெஞ்சில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல காது உன் பக்கம்தான் இருந்தது.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லவே இல்லையேடி," என்றாள். "சாகுற வரைக்கும் சொல்லலையே."

சொல்லவில்லை. நாலு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீயும்தானே சிரித்தாய் என்று ஒரே ஒரு தடவை நீ கேட்டிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். நீ கேட்கவில்லை. நான் திட்டத் திட்ட, தலையைக் குனிந்துகொண்டு அந்த உப்புச் சப்பில்லாத கோழியை எலும்பு வரைக்கும் தின்றாய். இனி நான் உயிரோடு இருக்கிற வரைக்கும், குனிந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.