கழுதை முடிச்சு

என் அருமை மருமகளுக்கு,

அண்டசராசரத்துக் கதவுகளுக்கெல்லாம் கீல் செய்து கொடுத்த சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியம். அவள் இருமினால் துறைமுகத்தில் கப்பல்கள் திசை மாறுகின்றன, அவ்வளவுதான்.

வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்கு வந்து என் பட்டறையில் உட்காரப் போவதாக எழுதியிருந்தாய். "வரட்டும்டா, கண்ணு முன்னாடி இருந்தா அரை வயிறு சாப்பிட்டாலும் போதும்" என்றாள் உன் அம்மா. நான் விட்டத்தைப் பார்த்தேன்.

இங்கே வியாபாரம் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் கப்பலில் இரும்புத் தகடு வரும். நாம் வெட்டி வளைத்துக் கீலாக்குவோம். இப்போது தகட்டு விலைக்குக் கீலே வந்து இறங்குகிறது, திருகாணியோடு. அடுத்துக் கதவு வரும், பிறகு வீடு வரும், உள்ளே சண்டைக்குத் தயாராக ஒரு மாமியாரையும் மடித்து வைத்திருப்பார்கள். பதிலுக்கு நாம் என்ன அனுப்புகிறோம் என்று கிடங்கு மேஸ்திரியைக் கேட்டேன். "காலிப் பெட்டியும் நம்ம பிள்ளைங்களும்தான் பெரியவரே" என்றார்.

மேஸ்திரி எப்படிப் பழக்கம் என்று கேட்பாய். ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போவதில்லையா, அப்படித் தினமும் அங்கே போய்ப் பெட்டி பிரிக்கிறேன். உன் அம்மாவைப் பொறுத்தவரை நான் இன்னும் பட்டறைக்குத்தான் போகிறேன். பட்டறைக் கதவில் தொங்குகிற பூட்டும் கப்பலில் வந்ததுதான்.

போன வாரம் திறந்த பெட்டியில், கீல்களைக் கட்டியிருந்த கயிற்றில் கழுதை முடிச்சு. சின்ன வயதில் பட்டறையில் நீயே கண்டுபிடித்து, "கழுதை உதைச்சாலும் அவிழாது மாமா" என்று பீற்றிக்கொண்டாயே, அதே. வாலை அப்படி உள்ளே செருக வேறு எந்தக் கைக்கும் தெரியாது. மேஸ்திரி கத்தியை நீட்டினார். நான் வாங்கவில்லை, நகத்தாலேயே பிரித்தேன். "பெரியவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்றார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கிடங்கில் தூசி அதிகம்.

நீ கட்டி அனுப்பிய கீல்தான் என் பட்டறையைப் பூட்டியது என்று நீ அழுதாயென்று தெரிந்தால் கடலை நீந்திவந்து காதைத் திருகுவேன். நீ கட்டாவிட்டால் இன்னொருத்தி கட்டுவாள். உன் அம்மாவின் மருந்தும் கப்பலில்தான் வருகிறது. அதற்கு உன் சம்பளம் வேண்டும், என் கூலி எட்டாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, கண்ணு.

முடிச்சை மட்டும் மாற்றிவிடாதே. எல்லாப் பெட்டியிலும் வேண்டாம், அவ்வப்போது ஒன்றில் போடு. நீ நன்றாயிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

நூறு நாட்டுக் கதவுகள் உன் கையால் திறக்கட்டும்.

உன் மாமன்