கயல்வாய் ஏரிக்கரையில் முளைகள் நகர்ந்த செய்தி

வெண்குருகு நாடு காக்கும் இளங்கோவேளார் திருவாணைப்படி, கயல்வாய்க் கோட்டைத் தலைவர் வல்லங்கிழார் திருமுன்புக்கு மனைவகுப்பு அதிகாரி எயினி எழுதும் ஓலை. தங்கள் மதில் உறுதியாக நிற்க. தங்கள் காவலர் வேலையின்றி நலமாக இருக்க.

ஏரிக்கரைப் புதுக்குடியிருப்பில் மனையெல்லை குறித்த அரச முளைகளைப் பிடுங்கி நகர்த்திய நாற்பது குடும்பங்களை, சட்டப்படி, வரும் வெள்ளியன்று வெளியேற்றப் போவதாகத் தாங்கள் எழுதிய ஓலை கிடைத்தது. அருள்கூர்ந்து காவலரை நிறுத்துக. பிழை என்னுடையது. அதை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். வரிசை தவறினால் பொறுத்தருள்க.

மனை வகுக்குமுன் நாற்பது வீட்டுத் தலைவர்களையும் கேட்டேன். அவர்கள் பிறந்தது கோட்டை மதிலோரத் தெருவில். ஏரி வழியே பகைவர் படகு வந்த காலத்து வீடுகள் அவை. சுவரோடு சுவர் ஒட்டியவை, ஏரிப் பக்கம் ஒரு சாளரமும் இல்லாதவை. அடுத்த வீட்டு இருமலைக் கேட்டே வளர்ந்த அவர்கள், தனித்தனி மனையும் இடையில் ஆள் உயர மதிலும் வேண்டினர். அப்படியே அளந்தேன். ஒரு விரற்கடையும் பிசகவில்லை என்று இருமுறை சரிபார்த்து மகிழ்ந்தேன்.

பின்னர் கயிற்று நாள் வந்தது. கடைக்கால் தோண்டுமுன், குடியேறுவோர் முளைகளில் கட்டிய கயிற்றுக்குள் ஒரு பகல் முழுதும் இருந்து பார்க்கும் நம் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். அன்று வந்தவர்கள் பெரும்பாலும் அத்தலைவர்களின் மக்களும் மருமக்களும். அவர்களில் ஒருவரையும் நான் கேட்டிருக்கவில்லை.

அவர்கள் முளைகளைப் பிடுங்கி மாற்றி நட, நண்பகலுக்குள் வீட்டு எல்லைகள் மூன்றும் நான்குமாக நெருங்கின. மதிலுக்கு விட்ட இடங்கள் சேர்ந்து முற்றங்களாயின. வாயில்கள் யாவும் ஏரியை நோக்கின. தறி நெய்யும் வெண்ணியிடம் காரணம் கேட்டேன். தானும் கணவனும் தறியில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளையை அந்த மதிலா பார்த்துக்கொள்ளும் என்றாள். ஏரியைப் பார்த்த வீட்டில் தமக்கு உறக்கம் வராது என்றார் அவள் மாமனார். இப்போது படகில் வருவது மீன்தான் மாமா, அதற்குமா பயம் என்று அவள் கேட்கவே, அவரும் சிரித்துவிட்டுத் தம் கட்டிலை மட்டும் பின்சுவரோரம் போடச் சொன்னார்.

அடுத்தவர் நிலத்தைத் திருடுவோருக்காக எழுந்த சட்டம் இவர்களைத் தொடாது என்று நினைத்தேன். எனினும் என் நினைப்பை நம்பாமல் நாற்பது மனைகளையும் மீண்டும் அளந்தேன். எவர் பங்கும் குறையவில்லை. அரசரிடம் விண்ணப்பித்தேன், முத்திரையைத் தந்தருளினார்.

ஆகவே அரசாணை: முளைகள் இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்க. நாற்பது குடும்பமும் அங்கேயே இருக்க. மதிலுக்கென வந்த கல் படித்துறைக்குப் போக. இவர்களின் பிள்ளைகள் வேறொன்றை விரும்பக்கூடும். ஆதலால் முற்றங்களின் நடுவே நிலையான கட்டடம் எதுவும் எழாதிருக்க.

மற்றொன்று. மாலையில் தனியே படிப்பதற்காக, ஒதுங்கிய கோடியில் நாற்பத்தோராவது மனையை எனக்கென வகுத்திருந்தேன். அதன் முளைகளும் வெண்ணி வீட்டுப் பக்கமாக மூன்று முழம் நகர்ந்திருக்கக் கண்டேன். அவையும் இவ்வாணையில் அடங்குக.

குருகு முத்திரை இட்டேன். எயினி.