எங்கேயும் அழுத்தவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை கீழே தள்ளி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது நினைவிருக்கும். "அவ சொல்றதும் வேணாம்ணே, நீ நினைக்கிறதும் வேணாம். உறுதியா என்ன தெரியுமோ அதை மட்டும் எழுது" என்றாய். அதனால் உறுதியானது முதலில்.

இன்று மதியம் நரம்பு டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். விபத்தில் முழங்காலுக்குப் பக்கத்தில் அறுந்து, பிறகு சேர்த்துத் தைத்த நரம்பு பாதம் வரை வளரவில்லை. இனிமேல் வளராது. இடது பாதத்தைத் தன்னால் மேலே தூக்க உன் மகளுக்கு இனி முடியாது. பாதத்தின் மேல்பக்கத்தில் தொடு உணர்ச்சியும் திரும்பாது. பரிசோதனையின்போது நானும் கூட இருந்தேன். தூக்கு, தூக்கு என்று டாக்டரம்மா சொல்லச் சொல்லக் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். நெற்றியில் வியர்வை வந்தது. பாதம் அப்படியே கிடந்தது. திரையில் வர வேண்டிய அலைகள் ஒன்றும் வரவில்லை.

காலில் "சின்னப் புண்ணு" என்று அவள் உன்னிடம் சொன்னாளே, அது சின்னது இல்லை. அதற்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசை கெடக்கூடாது. வார்டில் அவள் பக்கத்தில் இருந்துகொண்டு போனில் இதைச் சொல்ல முடியாது, அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அவள் காது எவ்வளவு கூர்மை என்பது உனக்கே தெரியும். வீட்டில் நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறவள் அவள்.

விபத்துக்குப் பிறகு அவள் நடை உனக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்குவாள், இல்லாவிட்டால் தொங்குகிற பாதம் தரையில் மாட்டிக்கொள்ளும். ஷூவுக்குள் பிளாஸ்டிக் தாங்கி வைத்துத்தான் தெருவில் இறங்குவாள். மாடிப்படியில் அவள் வருவது மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஒரு கால் சத்தமில்லாமல், இன்னொரு கால் டப்பென்று. எதிர்வீட்டு டெய்லர் நல்ல மனதோடுதான் "பார்த்துப் போம்மா" என்பார். அந்த வார்த்தை கேட்டாலே அவள் முகம் இறுகிவிடும்.

ஒருநாள், விபத்துக்கு முன்னால் விளையாடிய பழைய ஸ்கேட் ஷூவை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். ஐஸ் ஹாக்கிக்காரர்களின் ஷூ எப்படி என்று உனக்குத் தெரியும், கணுக்காலைச் சுற்றி மரப்பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதற்குள் போன பாதம் தொங்க வழியில்லை. அவள் தாங்கி இல்லாமல் நேராக நின்றாள். என்னைப் பார்த்து, "மாமா, இதுவே எனக்குத் தாங்கி" என்றாள். அந்த முகத்தை ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

பழைய ஜோடி கணுக்காலில் தளர்ந்துபோயிருந்தது. புதிது வேண்டும் என்றாள். கையுறையும் வேண்டும் என்றாள். எலும்பு டாக்டர் உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்லியிருந்தார். ஐஸில் இறங்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐஸ் மைதானத்துக்குப் பின்வாசலில் இருக்கும் கடைக்குப் போனோம். குறுகலான அறை. சுவர் முழுக்க மட்டைகள், நடுவில் ஷூவைச் சூடாக்கும் சின்ன அடுப்பு. அளவெடுத்துப் பொருத்தித் தருகிறவரை ஹாக்கிக் குழுவில் எல்லோரும் அடுப்பண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வழுக்கைத் தலை, பெரிய கை, வாய் ஓயாது.

முதலில் கையுறை. அதற்கே ஒரு முற்பகல் போயிற்று. ஒரு ஜோடியில் விரல் நுனியில் இடம் அதிகம், மட்டை கையில் சுழல்கிறது என்றாள். அடுத்ததில் கட்டைவிரல் இடிக்கிறது. அதற்கடுத்ததில் மணிக்கட்டுப் பட்டை முழங்கைக் காப்போடு மோதுகிறது, வெட்டிக் குறைக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு உள்ளங்கைத் தோல் தடிமன், மட்டையைப் பிடித்திருப்பதே தெரியவில்லை, பிரித்துவிட்டு மெல்லிய தோல் வைத்துத் தையுங்கள் என்றாள். அடுப்பண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குக் கையுறை தைச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும் தாயே" என்றார். "நரைக்கறதுக்கு முதல்ல முடி வேணும்ணே" என்றாள் இவள். அவர் என்னைப் பார்த்து, "சார், இதைப் பெத்தது யாரு, நீங்களா?" என்றார். நான் தாய்மாமன்தான் என்றேன். "தப்பிச்சீங்க" என்றார். ஆனால் அவள் கேட்ட எல்லாவற்றையும் செய்தார். நச்சரிக்கிறவங்களுக்குத்தான் நல்லா அமையும், வாய் திறக்காம வாங்கிட்டுப் போறவன் மறுவாரம் கொப்புளத்தோட வருவான் என்று தைத்துக்கொண்டே சொன்னார்.

பிறகு ஷூ. உட்காரவைத்து ஒரு அளவு, நிற்கவைத்து ஒரு அளவு எடுத்தார். விரல்கள் முன்முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், குதிகால் அசையவே கூடாது. லேஸ் போடுவதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்து, லேஸ் துளைகளின் இரு வரிசைக்கும் குறுக்கே படுக்க வைத்தார். பென்சில் பாதத்தின் மேல் படாமல் கிடந்தால் ஷூவுக்குள் போதுமான ஆழம் இருக்கிறது என்று பொருளாம். பாதத்தின் மேல் ஏறி நின்றால், அந்த ஷூ காலுக்கு ஆழம் போதாது. லேஸை இறுக்கினால் மேல்பாதத்தை நசுக்கும்.

வலது காலில் பென்சில் படாமல் கிடந்தது. இடது காலில் ஏறி நின்றது. அறுவைக்குப் பிறகு அந்தப் பாதம் எப்போதும் கொஞ்சம் வீங்கித்தானே இருக்கிறது.

அடுப்பண்ணன் முகத்தைச் சுளித்தார். "இங்க அழுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். லேஸை இறுக்கிக் கட்டி, "இப்ப?" என்றார். இல்லை. ஷூவை அடுப்பில் சூடாக்கி, இளகியதும் மாட்டி, கால் வடிவத்துக்கு இறுகும்வரை அசையாமல் உட்காரச் சொன்னார். ஆறியதும் எழுப்பி நிற்கவைத்து, கணுக்கால், பக்கவாட்டு, மேல்பாதம் என்று விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகக் கேட்டார். "எங்கேயும் அழுத்தலண்ணே. சூப்பரா இருக்கு."

அவர் பென்சிலை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "பென்சிலுக்கு என்ன கால் இருக்கு? போடறவங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை" என்று அதைக் காதில் சொருகிக்கொண்டார். முதல் சூட்டிலேயே இப்படிப் பொருந்தியது தன் கைராசி என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். கால் அடிபட்டது அவருக்குத் தெரியும், "ஆறிடுச்சு" என்று அவள் சொல்லியிருந்தாள். மேல்பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் அது யாருக்கும் தோன்றவில்லை. கையுறைக்கு அத்தனை குற்றம் சொன்னவள் ஷூவுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதும் உறைக்கவில்லை. நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். தங்கச்சி, இதை நீ பார்த்திருக்க வேண்டும். கதவிலிருந்து ஐஸில் கால் வைத்ததும் அந்த நொண்டல் போய்விட்டது. முப்பது பேர் சுற்றிச் சுற்றி வந்ததில் யாருக்குக் காலில் கோளாறு என்று கேட்டால் எவராலும் காட்டியிருக்க முடியாது. இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் அகலமாகப் போனாள், அவ்வளவுதான். கோச் கம்பிக்குப் பக்கத்தில் வந்து என்னிடம், "இவளுக்குக் கால் போச்சுன்னு எவன் சொன்னான்?" என்றார். இந்தப் பருவத்துக்கான குழுவில் அவளுக்கு ஒரு இடம் வைத்திருப்பதாகவும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் கையுறைகளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது பயிற்சி முடிந்து உடைமாற்றும் அறையில் எல்லோரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் சிவப்பாகத் தடம். இது கோல்கீப்பர் பெண் என்னிடம் நேரில் சொன்னது. அதைப் பார்த்து, "ஏய், யாருக்கு ரத்தம் வருது, பாருங்கடி" என்று முதலில் கேட்டவளே நம் குட்டிதானாம். கேட்டுவிட்டு மற்றவர்களின் கால்களைப் பார்த்திருக்கிறாள்.

லேஸின் கீழே ஷூவின் நாக்கு படுகிற இடத்தில், மேல்பாதத்தின் தோல் தேய்ந்து, அதற்கடியில் கயிறு போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சீழ் பிடித்திருந்ததால் மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தார்கள். அடியில் எலும்பின் நிறம் சரியில்லை என்று அறுவை டாக்டர் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஏம்மா கடையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. "பொய் சொல்லலையே மாமா. எங்க அழுத்துதுன்னு கேட்டாரு. எனக்கு எங்கயும் தெரியல. தெரியலைங்கறதைத்தான் சொன்னேன்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அழுத்தலன்னு சொன்னப்ப எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா" என்றாள்.

நேற்று அடுப்பண்ணன் வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு அவள் காலின் பேண்டேஜையே பார்த்தார். குட்டிதான் பேச்சைத் தொடங்கினாள். ஷூவின் நாக்கை மாற்றி, மேலே ஆழம் கூட்டித் தர முடியுமா, லேஸை அந்த இடத்தில் ஒரு துளை விட்டுக் கட்டினால் சரியாகுமா என்று கேட்டாள். செய்யலாம்மா, எல்லாம் செய்யலாம் என்று தலையாட்டினார். "அடுத்த தடவை நான் உங்களை நச்சரிச்சு எடுத்துருவேன், பாருங்க" என்றாள். அவர் சிரிக்க முயன்றார்.

வெளியே நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பென்சில் சொல்லிச்சு சார். நான் பாப்பா சொன்னதைக் கேட்டேன். எங்க தொழில்ல வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னாத்தான் எங்க நிறுத்தணும்னு எங்களுக்குத் தெரியும். வலியே தெரியாத காலுக்கு நான் எதை வச்சு நிறுத்துவேன்? ஆழம் கூட்டினா வேற இடத்துல கடிக்கும். அதையும் அவ நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா" என்றார். உள்ளே ஏன் முடியும் என்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்று நரம்பு முடிவைச் சொன்ன பிறகு டாக்டரம்மா இதையும் சொல்லிவிட்டார்: புண் ஆறினாலும் அந்தக் காலில் இறுக்கமான எந்த ஷூவும் இனிப் போடக் கூடாது, ஸ்கேட் என்ற பேச்சே வேண்டாம். குட்டி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அழவில்லை. வார்டுக்குத் திரும்பியதும் கையுறைகளைக் கொண்டுவந்து தரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன். போர்வைக்குள் கையை விட்டு அவற்றை மாட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். நர்ஸ் ஊசி போட வந்தபோது ஒன்றை மட்டும் கழற்றினாள். ஊசி குத்தியதும் "ஆ" என்று கத்திவிட்டு, "கை நல்லா வேலை செய்யுது சிஸ்டர்" என்றாள். நர்ஸ் சிரித்தார். நான் தண்ணீர் பிடித்துவரப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

நான் நலம். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மாளின் இடுப்பு வலி தேவலையா? அந்த வீட்டில் உனக்கு லீவு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால் வா என்று நான் எழுதவில்லை.

இன்னும் தெரியாதவை இரண்டு. கோச் தன் குழுவைச் சனிக்கிழமை அறிவிக்கிறார், அதுவரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை அவரிடம் நான் சொல்லக் கூடாது என்று குட்டி சத்தியம் வாங்கியிருக்கிறாள். தானே சொல்லிக்கொள்கிறாளாம். இதுவரை சொல்லவில்லை.

மற்றது எலும்புத் துணுக்கின் முடிவு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வரும் என்று அறுவை டாக்டர் சொன்னார். கிருமி எலும்புக்குள் போயிருந்தால் பாதத்தில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்குமாம். எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டேன். வெள்ளிக்கிழமை பேசலாம் என்றார். அந்த முடிவைத் தன்னிடமும் என்னிடமும் சொல்ல வேண்டாம், முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மா தனக்குச் சொல்லட்டும் என்று அவள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவள் விருப்பம்தான் செல்லும். உன் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டாள். தைரியமாக இரு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தங்கச்சி. வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனை எடு. டாக்டர் வைத்ததும் அவளைக் கூப்பிடு. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் அவள் போனை நான் எடுக்க மாட்டேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
அண்ணன்