அடுப்புக் கணக்கு

ஏற்காடு
16.2.2025

கீர்த்தனா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. கீர்த்தனா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏழு வயதில் அவளுக்கு அவ்வளவும் தெரிய வேண்டாம். அதனால் இனிமேல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். ஆபீசில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்தானே.

விஷயம் இதுதான். சையத் இப்ராஹிம் பாய் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசி வரைதான் கெடு. மே சீசனுக்கு ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறாராம். அவர் கடைக்குப் பருப்பு வாங்கப் போனபோது, தராசையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். எம் பொண்ணு சனாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் காலேஜ் இருக்குதுங்க. நீங்க ஒரு மாசத்துக்குக் குடுக்கறத டூரிஸ்ட்டு ரெண்டு நாள்ல குடுத்துட்டுப் போயிடறான்."

அவர் மேல் கோபமே வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபம் வந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இரண்டு வாரமாக வீடு தேடுகிறேன். ஏரிக்கு மேலே நம் தெருவில் மொத்தம் ஒன்பது வீடு. ஆறில் ஹோம்ஸ்டே போர்டு. இரண்டு வீடு பெங்களூர்க்காரர்களுடையது, வருஷத்தில் பத்து நாள் திறந்தால் அதிகம். மிச்சம் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். அடிவாரத்தில் வீடு கிடைக்கும்தான். அங்கிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் கீர்த்தனா மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுப்பாள். நான் தலைச்சோலைக்கு டூட்டிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். கிராமத்து நர்ஸ் பஸ்ஸில் வரட்டும் என்று பிரசவ வலி காத்திருக்குமா?

மலையில் எல்லோருக்கும் வீடு கிடைக்க என்ன வழி என்று சென்னையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது உங்கள் வேலை. அதே மலையில் உங்கள் பெண்டாட்டி வீடில்லாமல் அலைகிறாள். சிரித்து முடித்ததும் பதில் எழுதுங்கள்.

மேனகா


சென்னை
24.2.2025

அன்பு மேனகாவுக்கு,

உன் கடிதம் வந்தது. சிரிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தே ரொம்ப நாள் ஆகிவிட்டது, அதனால் இரண்டு முறை படித்தேன்.

நீ சொல்லும் தெருதான் எங்கள் அறிக்கையின் முதல் அத்தியாயம். ஒரு தெருவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டு மடங்கு வரி. சும்மா கிடக்கும் அரசு நிலத்தில் நர்ஸ், வாத்தியார், பஸ் டிரைவர் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்பு. மணலும் கம்பியும் மலை ஏறி வருவதற்குள் விலை ஏறிவிடுவதால் கட்டுமானச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். எல்லாம் நியாயமான யோசனைகள்தான், மேனகா. யாராவது படித்தால் சரி.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிராமக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. தலைச்சோலையில் நூற்றுப் பன்னிரண்டு வீடு, அதில் நூற்று ஒன்பது பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். மற்ற ஆறு கிராமங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் புதிய வீடுகளுக்கான மொத்தப் பரிந்துரையையும் டவுனுக்கே கொடுத்திருக்கிறோம்.

ஆனால் இதெல்லாம் நடக்க வருஷங்கள் ஆகும். ஏப்ரல் இரண்டு மாதத்தில் வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன் என்று கோபப்படாதே. மாறுதல் கேட்டு இங்கே வந்துவிடேன். மெஸ் சாப்பாடு நாக்குச் செத்துப்போகிறது. கீர்த்தனா வளர்வதை போட்டோவில்தான் பார்க்கிறேன். எங்கே இருந்தாலும் நாம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை.

பிரபாகர்


ஏற்காடு
9.3.2025

கீர்த்தனா அப்பாவுக்கு,

யோசனைகள் நன்றாகவே இருக்கின்றன. பாயிடம் படித்துக் காட்டினேன். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வரியைக் குறைத்தால் எங்களுக்கே விடுவீர்களா என்று கேட்டேன்.

"வரி கெடக்குதுங்க சிஸ்டர். உங்களச் சொல்லல. ஆனா குடி வெச்சவங்க நாளைக்கு எந்திரிக்க மாட்டேன்னுட்டா நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறதுங்க? டூரிஸ்ட்டுன்னா ரெண்டாம் நாளு பெட்டியத் தூக்கிருவான்" என்றார்.

இந்தப் பயம் உங்கள் அறிக்கையில் இல்லை. சொன்ன தேதியில் வீடு திரும்பக் கைக்கு வரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் பூட்டிக் கிடப்பதில் பாதி திறந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் நல்ல செய்திக்கு வருகிறேன். அந்த நூற்று ஒன்பதைப் படித்ததும், வீடு வீடாகப் போய் நான் எழுதும் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினேன். தலைச்சோலைக்கு அதில் இருப்பது நூற்று எழுபத்தொரு குடும்பம். அத்தனை பேரும் நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எப்படிச் சொந்தமாக இருக்க முடியும்? வியாழக்கிழமை குப்பாயி அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய மருமகள் காமாட்சிக்கு எட்டாவது மாதம். இரண்டு அறையில் பதினோரு பேர். மூன்று குடும்பம், மூன்று அடுப்பு தனித்தனியாக எரிகிறது. காமாட்சியும் புருஷனும் வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய, காப்பி மூட்டை அடுக்கும் சாய்ப்பில்தான் படுக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொந்தமான்னு கேட்டாங்க கண்ணு. சொந்தந்தான்னு சொன்னேன். எங்க கொழுந்தனாரு ஊடு சொந்தமில்லாம பின்ன என்ன? அன்னியத்து ஊட்லயா போயிக் குடியிருக்கறோம்?"

புரிகிறதா? நீங்கள் சொத்தைக் கேட்டீர்கள். அவர் உறவைச் சொன்னார். அடுத்து ஏழு வீட்டில் கேட்டேன். மாமனார் வீடு, பெரியப்பா வீடு, அண்ணன் வீடு, எல்லாமே சொந்தம். நிலமோ அவர்கள் மூதாதை மாதப்பன் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா. தனிப் பட்டா இல்லாதவனுக்கு எந்தத் திட்டத்திலும் வீடு கிடையாது. இப்போது உங்கள் அறிக்கையும் வீடே தேவையில்லை என்கிறது.

வாசலை எண்ணாதீர்கள். எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள். கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் வீடு கட்டலாம் என்று ஒரு வரி சேருங்கள். எனக்கு வீடு கேட்கவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

மேனகா


சென்னை
19.3.2025

அன்பு மேனகாவுக்கு,

நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அறிக்கை அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் கொஞ்சம் பிழை இருக்கத்தான் செய்யும். அடுத்த வருஷத் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்த நேரத்தில் கிளறினால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் சிக்கல் வரும்.

பெருங்களத்தூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, நல்ல தண்ணீர். கீர்த்தனாவுக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். உனக்கும் பிடிக்கும். ஏப்ரல் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

பிரபாகர்


ஏற்காடு
25.3.2025

கீர்த்தனா அப்பாவுக்கு,

தலைச்சோலைக்காரர்களுக்கு வீடு போதவில்லை என்று எழுத வேண்டியவர் எனக்குப் பெருங்களத்தூரில் வீடு பார்க்கிறார். நன்றாக இருக்கிறது உங்கள் வீட்டுவசதி.

கொஞ்சம் பிழையா? ஒரு கிராமத்தில் மட்டும் அறுபது குடும்பம் விட்டுப்போயிருக்கிறது. ஏழு கிராமம் சேர்த்து எத்தனை என்று கூட்டிப் பாருங்கள். அந்தப் படிவத்தை யார் எழுதியது? வெளியூர்க்காரர் எழுதியிருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடுவேன். நீங்கள் அடிவாரத்தில் பிறந்தவர். உங்கள் சித்தப்பா வீட்டை நீங்களே "சொந்தம்" என்றுதான் சொல்வீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். எனக்கு இங்கே வீடு கிடைக்கவில்லை என்றதும் உங்களுக்கு எப்படி இருந்தது? பெருங்களத்தூர் வீட்டுக்காரரிடம் வேறு ஆளுக்கு விட்டுவிடச் சொல்லிவிடுங்கள்.

மேனகா


சென்னை
15.4.2025

மேனகா,

மூன்று வாரம் பதில் போடவில்லை. உன் கேள்விக்கு என்ன எழுதினாலும் பொய்யாக இருந்தது. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. நீ காலி செய்ய வேண்டும் என்று படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி வேறு வழியில்லை, வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வீடு எப்படியெல்லாம் இல்லாமல் போகிறது என்று முந்நூறு பக்கம் எழுதியவன், என் மனைவிக்கே வீடு இல்லாமல் போனதை எனக்குச் சாதகமாக நினைத்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் கூட்டத்தில் எழுந்து, கிராமப் பகுதியின் எண்கள் தவறு, படிவம் எழுதியது நான், என்று சொன்னேன். உன் பதிவேட்டு எண்ணைக் காட்டினேன். எங்கள் குழுத் தலைவர் கோவிந்தராஜ் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஒரு வார்த்தைக்காக மூணு மாச வேலையைக் குப்பையில போடச் சொல்றீங்களா?" ஆமாம் சார் என்றேன்.

அறிக்கை நின்றுவிட்டது. ஏழு கிராமத்தையும் மறுபடி எண்ணச் சொல்லிவிட்டார்கள். முதல் கேள்வி அடுப்புதான். கூட்டுப் பட்டா வரியும், வீடு திரும்பக் கிடைக்கும் உறுதியும் வரைவில் ஏறியிருக்கின்றன. அச்சில் வரும்போது எத்தனை மிஞ்சும் என்று தெரியாது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மறு கணக்கெடுப்புக்கு மட்டும் மூன்று மாதம் தினக்கூலிக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன்.

மே எட்டாம் தேதி வருகிறேன். ஏற்காட்டு லாட்ஜ்களில் சீசன் விலை கட்டாது. அடிவாரத்தில் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் தங்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீர்த்தனாவைப் பார்க்க அனுமதித்தால் போதும்.

பிரபாகர்


ஏற்காடு
1.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் பேரைச் சொல்லவே பிடிக்கவில்லை. அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். பிறகு, ஒப்பந்தம் போய்விட்டது என்ற வரியைப் படித்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று யோசித்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

காமாட்சிக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் சாய்ப்புக்குத்தான் திரும்பிப் போனார்கள். மூட்டைகளை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்கள். நீங்கள் எண்ண வரும்போது அந்த வீட்டில் காமாட்சி தனியாக மூட்டும் நாலாவது அடுப்பும் எரியும், விட்டுவிடாதீர்கள்.

இப்ராஹிம் பாயோடு பேசி முடித்துவிட்டேன். முன்பக்கத்து இரண்டு அறை டூரிஸ்ட்டுக்கு. பின்பக்கம் சமையலறையும் அதை ஒட்டிய அறையும் நமக்கு. இரண்டு வருஷத்துக்குப் பத்திரம். அதுவரை எழுப்ப மாட்டேன் என்று அவரும், தேதி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காலி செய்வேன் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பாயின் மனைவி ஜமீலா அக்கா சாட்சி. நேற்றே முதல் டூரிஸ்ட் குடும்பம் வந்துவிட்டது. வெந்நீர் எங்கே, வைஃபை என்ன என்று என்னையே கேட்கிறார்கள். ஊசி வேண்டுமானால் போடுகிறேன் என்றேன்.

அடிவாரத்து அறையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்று காலை ஜமுக்காளத்தை விரித்து அளந்து பார்த்தேன். சுவரோரம் கீர்த்தனா, நடுவில் நான். கதவுப் பக்கம் இன்னோர் ஆள் படுக்கலாம். உங்கள் உயரத்துக்குக் கால் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும். படுத்திருக்கும் புருஷனைத் தாண்டக் கூடாது என்பார்கள். காலையில் காப்பி வேண்டுமென்றால் நான் தாண்டித்தான் போவேன்.

மேனகா