இன்ஸ்பெக்டரின் கறைகள்

மார்ச் 4

இன்றும் போகவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, பழைய துண்டால் ஒற்றி எடுத்து, சமையல் சோடாவைத் தூவிக் காயவிட்டேன். காய்ந்ததும் வாக்குவம் போட்டு உறிஞ்சினேன். சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்தியதும் பழைய நாற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சலவைக் கடையில் கறை எடுப்பதுதான் என் வேலை. மை, ரத்தம், கிரீஸ் என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். வீட்டில் ஒரு பூனை மூத்திரத்திடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது இதுதான்.

பூனை செத்து மாதக்கணக்காகிறது. இன்ஸ்பெக்டர் என்பது அண்ணன் வைத்த பேர். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பிலிருந்து கைப்பை வரை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான். போவதற்கு முன் அண்ணன் அறைக் கார்ப்பெட்டை நாசம் செய்துவிட்டுப் போய்விட்டான். சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட், எடுத்து உதறவும் வழியில்லை.

மாதக் கடைசியில் அண்ணன் மகள் வருகிறாள். பையன் தவழ ஆரம்பித்துவிட்டானாம். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்த நாத்தம் போனாத்தான் வந்து தங்குவேன் அத்தை. இல்லன்னா மாமியார் வீட்லேர்ந்து ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடறேன்." பேரனை அண்ணன் இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

மார்ச் 5

முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. கார்ப்பெட்டை இன்று திரும்பியும் பார்க்கவில்லை.

மார்ச் 9

நாய், பூனைக் கறைக்கென்றே விற்கிற திரவம் வாங்கி வந்தேன். ஊற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே கனமான புத்தகங்களை வைத்தேன். பிரித்துப் பார்த்தால் அந்த இடம் சுத்தம். ஆனால் அதற்கு ஒரு முழம் தள்ளிப் புதிதாக நாறுகிறது. ஒரு இடத்தில் அடக்கினால் இன்னொரு இடத்தில் கிளம்புகிறதே, இது கறையா கலவரமா?

அண்ணன் கதவருகில் வாசனை ஸ்பிரேயும் கையுமாக நின்றார். "இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் உன் பூனை" என்றார். என் பூனையாம்! மடியில் போட்டுக்கொண்டு தூங்கியது யாராம்? அவர் அடித்த ஸ்பிரேயில் இப்போது மல்லிகை வாசனையும் சேர்ந்து நாறுகிறது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 12

கடையில் துணிக் கறை பார்க்க ஒரு ஊதா விளக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத கறையும் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். அண்ணன் நடக்கப் போயிருந்தார். திரைகளை இழுத்துவிட்டு, இருட்டாக்கி, விளக்கைப் பிடித்தேன்.

அலமாரிக்குப் பின்னால் மூலையில் இரண்டு திட்டு. அது இன்ஸ்பெக்டர்தான். பூனை மூலையைத் தேடித்தான் போகும்.

மற்றதெல்லாம் மூலையில் இல்லை. கட்டிலுக்குக் கீழே, நாற்காலியைத் தாண்டி, பாத்ரூம் கதவு வரை – வரிசையாக, சொட்டுச் சொட்டாக. கதவை நெருங்க நெருங்கப் பெரிதாக.

எந்தப் பூனை பாத்ரூமுக்குப் போக வழி தேடும்?

விளக்கை அணைத்துவிட்டு அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன். அண்ணன்தான். ஐயோ, ஏன் சொல்லல? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஒரு வயித்துல பொறந்தவதானே நான்?

மார்ச் 13

சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது மகள் சொன்னாள்: "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அப்பாவ முதியோர் ஹோம்ல சேத்துடலாம். அத்தையும் எத்தனைதான் பாப்பாங்க." எனக்காகச் சொன்னதுதான். அவர் முன்னாலேயே சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். இந்த வயதிலாவது புத்தி வந்ததே என்று கடையில் பெருமையடித்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அந்தப் பூனை எத்தனை திட்டு வாங்கியது! திட்டும்போது அண்ணன் குரல்தான் ஓங்கி இருந்தது. நினைத்தால் எரிச்சலாக வருகிறது. எரிச்சல் போனதும் வேறென்னவோ செய்கிறது.

மார்ச் 16

அவர் கட்டில் பக்கத்தில் துவைக்கக்கூடிய மிதியடிகளைப் பாத்ரூம் வரை போட்டேன். சுவரில் ஒரு சின்ன விளக்கு.

"எதுக்கு இதெல்லாம்?"

"கால் வழுக்காம இருக்கட்டும்னுதான் அண்ணே."

மிதியடியைக் காலால் நகர்த்திப் பார்த்தார். பிறகு மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டார். தேதி அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 19

அவள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"நாத்தம் போச்சா அத்தை?"

"கொஞ்சம் இருக்கும்மா. பூனை மூத்திரம் லேசுல போகுமா?" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

"ஆள விட்டு மொத்தத்தையும் கிழிச்சுப் போட்ருங்க. சனியன் புடிச்ச பூனை."

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "பூனைய திட்டாதம்மா. அது நான்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"என்னப்பா சொல்றீங்க?"

"எந்திரிச்சுப் போறதுக்குள்ள வந்துடுது. அடக்க முடியல."

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ முட்டி போட்டுத் தேய்க்கிறத தினம் கதவாண்ட நின்னு பாத்தேன். வாய் வரல. இன்னிக்கு நீ எனக்காகப் பொய் சொன்ன பாரு, அதத்தான் தாங்க முடியல."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் என் முட்டியைத் தேய விட்டதற்குக் கோபம். அந்தக் கோபத்தோடேயே காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே முழுதும் குடித்துவிட்டார்.

மார்ச் 20

போன் இல்லை.

மார்ச் 21

போன் இல்லை. அண்ணன் தன் பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மார்ச் 24

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள். இடுப்பில் பையன், தோளில் இரண்டு பை. மாமியார் வீட்டுக்குப் போகவில்லை, நேரே இங்கே.

குழந்தையை அண்ணன் மடியில் போட்டுவிட்டு அழுதாள். "நான் ஹோம்னு சொன்னதுக்காகவாப்பா மறைச்சீங்க?" பேரன் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், அதைக் காப்பாற்றுவதிலேயே இருந்தார்.

அப்புறம் சமையலறையில் என்னிடம்: "அந்தப் பேச்ச அடியோட விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன் அத்தை. இப்ப வேணாம். அவ்ளோதான்." நேர்மையான பெண். குணத்தில் அண்ணியை உரித்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 26

டாக்டரிடம் அழைத்துப் போனாள். இந்த வயதில் நிறைய ஆண்களுக்கு வருவதுதானாம், மாத்திரையில் பாதியாவது குறையுமாம். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாராம் டாக்டர். அண்ணன் சிரித்தாராம்.

கார்ப்பெட்டை ஆட்கள் வந்து பிய்த்துக்கொண்டு போனார்கள். அடியில் வெறும் சிமெண்ட் தரை. பையன் முதல் காரியமாக அதை நக்கிப் பார்த்தான்.

மார்ச் 30

ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் என் மடியில் தூங்கிவிட்டான். நானும் கண்ணயர்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

"யாராவது கொஞ்சம் வாங்க. நனைஞ்சு போச்சு."

சாதாரணமாக, தண்ணீர் கேட்பதைப் போல. இந்த வீட்டில் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் கால் தானாக எழப் பார்த்தது.

"நீங்க உக்காருங்க அத்தை" என்று அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். "இதோ வந்துட்டேம்ப்பா."

நான் உட்கார்ந்தே இருந்தேன்.